மேல்மலைக்குத் தனி நாட்காட்டி

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 கத்தரி வறட்சி தாங்குவதற்குப் பெயர்போன ரகம். அந்த ஊரில் நின்று தலை நிமிர்ந்தால் பழனி மலைதான் தெரியும். ஆனால் அதே விதை அந்த மலையின் மேல்மலைக் கிராமமான கூக்காலுக்கு ஏறிவிட்டால், அதற்கு வேண்டியது வறட்சி தாங்கும் குணமல்ல, கதகதப்பு. 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் அது. நூறு மீட்டருக்குச் சுமார் 0.65 டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கில், அடிவாரத்தைவிட அங்கே ஏறக்குறைய 10 டிகிரி குளிர்ச்சி.

கத்தரி 21 முதல் 30 டிகிரி வரை சுகமாக வளரும். 15க்குக் கீழே போனால் வளர்ச்சி முடங்கும், பூ பிஞ்சாகாமல் உதிரும். உறைபனி ஓர் இரவு கொட்டினாலே செடி கருகிவிடும். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் கொழிக்கும் மண்ணில் கத்தரி முரண்டு பிடிப்பது இதனால்தான். ‘மலையில் கத்தரி வராது’ என்று நம் தோட்டக்கலைத் துறையினர் கைகழுவுவதும் இதை வைத்துத்தான். வயல் சாகுபடிக்கு அது நியாயமான தீர்ப்பு. வீட்டுக்குப் பின்னால் ஐந்தாறு செடி வைக்க ஆசைப்படுகிறவருக்கு அது பதிலாகாது.

சிக்கல் செடியில் இருப்பதைவிட நாட்காட்டியில் அதிகம். சமவெளிக்கு நாம் பரிந்துரைக்கும் பருவங்கள் டிசம்பர்–ஜனவரி, மே–ஜூன். முதல் பருவத்து நாற்று மேல்மலையில் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது, மழையும் மூடுபனியும் கவியும் மாதங்களில் பூவெடுக்கும். பிப்ரவரியில் அடுப்படிக் கதகதப்பில் விதை முளைக்கவைத்து, பனி ஓய்ந்தபின் ஏப்ரல் தொடக்கத்தில் நடுவதே பொருத்தம். சமவெளியில் 30–35 நாளில் தயாராகும் நாற்று அங்கே இன்னும் சில வாரம் கேட்கும், அவசரப்படக் கூடாது.

எங்கே நடுவது? ஐரோப்பியத் தோட்ட நூல்கள் தெற்குப் பார்த்த சுவரைக் காட்டும். பத்து டிகிரி அட்சரேகையில் அந்த அறிவுரை பொருந்தாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் அங்கே வடக்கே சாய்ந்திருக்கிறது. மதியத்துக்குமேல் மேகம் இறங்கும் மலையில் காலை வெயில் விழும் கிழக்குச் சுவரோரமே மேல்.

உருளை போட்ட நிலத்தைத் தொடவே வேண்டாம். 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டு, பிறகு கொடைக்கானல் மலையிலும் காணப்பட்ட முட்டைக்கூடு நூற்புழுவுக்குக் கத்தரியும் விருந்துதான். வாடல் நோய்ப் பாக்டீரியாவும் இரண்டுக்கும் பொது. பூண்டு எடுத்த பாத்தி பரவாயில்லை. தொட்டியோ பையோ அதைவிட நல்லது, பனி இரவில் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடலாம்.

பறித்த பிறகு கதை தலைகீழாகிறது. கத்தரிக்காய் குளிர்பதனப் பெட்டியின் நான்கு டிகிரியில் குழி விழுந்து, விதை கறுத்துக் கெடும். அதற்கு ஏற்றது 10–12 டிகிரி. செடியை வாட்டும் கூக்கால் குளிர், காயைப் பொறுத்தவரை கூலி கேட்காத கிடங்கு.

வற்றல் மட்டும் அங்கே எளிதல்ல. நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு அரைவேக்காடாக்கி, சித்திரை வெயிலில் காயவைப்பது சமவெளி முறை. மேல்மலையில் காய் வருவதோ ஈரக் காலத்தில். நிழலில் நாள்கணக்கில் கிடக்கும் வற்றலில் பூஞ்சை படரும். பறித்ததை அடிவாரத்து உறவினர் வீட்டு மாடிக்கு அனுப்பலாம், அல்லது புளிக்காடியில் போடலாம். பொரித்த கத்தரியைக் கடுகும் காடியும் சேர்த்துப் பிரட்டும் இலங்கை ‘மோஜு’ ஈர நாட்டுச் சமையலறையில் பிறந்த பக்குவம். எண்ணெயில் மூழ்கினால் போதும் என்று மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டாம். காற்றுப்படாத, புளிப்புக் குறைந்த இடத்தில்தான் பொட்டுலிசக் கிருமி நஞ்சைச் சுரக்கும். அமில அளவு பி.எச். 4.6க்குக் கீழே இருப்பதே பாதுகாப்பு.

வீட்டுத்தோட்ட விதைப் பொட்டலங்களில் ஒரே விதைப்புப் பருவத்தை அச்சிட்டு மாநிலம் முழுவதற்கும் தருவதை நிறுத்தலாம். கொடைக்கானல், தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. 1,500 மீட்டருக்கு மேலே விதைப்பு மாதம், நடவு மாதம், பனிக்காப்பு ஆகியவற்றைச் சொல்லும் ஒரு துண்டுச் சீட்டை அவை தயாரித்தால், அடுத்த பிப்ரவரிக்குள் பொட்டலத்தோடு கொடுத்துவிட முடியும்.