மலை ஏறினால் கொதிக்கும் பழைய ஜீப்... முதலில் எதைப் பார்ப்பது?

“தல்லாகுளத்தில் குடியிருக்கிறோம். சிறுமலையில் கொஞ்சம் வாழையும் எலுமிச்சையும் இருக்கின்றன. உரம் ஏற்றிப் போகவும், வாழைத்தார் இறக்கி வரவும் ஒரு பழைய டீசல் ஜீப்பைத்தான் நம்பியிருக்கிறோம். திண்டுக்கல் வரை தொந்தரவு இல்லை. மலைப்பாதையில் பாதி தூரம் ஏறுவதற்குள் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. போன மாதம் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்ததில் மகனுக்குக் கையில் கொதிநீர் பட்டுவிட்டது. ‘தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுங்கள்’ என்கிறார் ஒரு மெக்கானிக். ‘என்ஜினையே இறக்க வேண்டும்’ என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?”

- வாசகர், தல்லாகுளம், மதுரை.

இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். வண்டி எந்த இடத்தில் சூடாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

சமதளச் சாலையில் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு ஏறும்போது என்ஜினுக்கு முழு வேலை; ஆனால், வண்டி ஊர்ந்துதான் போகும். எதிர்க்காற்று இருக்காது. அந்த நேரத்தில் ஃபேன் ஒன்றுதான் துணை. எனவே, மலையில் மட்டும் சூடானால் முதலில் காற்று வரும் வழியைப் பார்க்க வேண்டும். சமதளத்திலும் சூடானால், தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு என்று சந்தேகிக்கலாம்.

செலவில்லாத சோதனைகள்

இவற்றையெல்லாம் என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பு பார்க்கவும்.

ஃபேன் பெல்ட்: பழைய ஜீப்புகளில் ஃபேனும் வாட்டர் பம்பும் பெரும்பாலும் ஒரே பெல்ட்டில் சுற்றுகின்றன. பெல்ட் தளர்ந்தால் காற்றும் குறையும், தண்ணீர் ஓட்டமும் குறையும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் இறுக்க வேண்டும். வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடவும்.

ஃபேனைச் சுற்றியுள்ள தகடு: பல வண்டிகளில் ஏதோ ஒரு வேலைக்காகக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால், ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டில் இழுக்கும்.

ரேடியேட்டரின் வெளிப்புறம்: தோட்டத்துத் தூசி, வைக்கோல் துணுக்கு, பூச்சி எல்லாம் தகடுகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, மெதுவான வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவவும். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

ஹோஸ், மூடி: கீழ் ஹோஸ் தொளதொளத்துப் போயிருந்தால், என்ஜின் வேகமெடுக்கும்போது உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் போகாது. மூடியின் ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் அழுத்தம் நிற்காது. சீக்கிரமே கொதிக்கும்.

தண்ணீரில் இருக்கிறது வில்லங்கம்

இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடானால், ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கலாம். மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் சேரும். ‘தண்ணீர்தானே’ என்று தோட்டத்துக் குழாயில் பிடித்து ஊற்றியதன் பலன் பல மாதங்கள் கழித்துத்தான் தெரியும். அடைப்பு கொஞ்சமாக இருந்தால் அதுவும் மலையில் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. வண்டி சூடானதும் என்ஜினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகப்புக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கவும். தொட வேண்டாம். சில இடங்களில் மட்டும் சூடு தெரியாவிட்டால் அங்கே அடைப்பு. பழைய ஜீப்புகளின் செம்பு, பித்தளை ரேடியேட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ரேடியேட்டர் பட்டறையில் மேல்தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். அதன் பிறகு பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ட் கலந்து ஊற்றவும். கலவை அளவு கூலன்ட் டப்பாவில் இருக்கும்.

தெர்மோஸ்டாட்டை எடுக்கலாமா?

கூடாது. அது இல்லாவிட்டால் என்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும். டீசல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகமாகும். சந்தேகம் இருந்தால் அதைக் கழற்றி, தண்ணீருள்ள பாத்திரத்தில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைக்கவும். சுமார் 80 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்கவில்லை என்றால் புதிதாக மாற்றவும்.

என்ஜின் வேலை எப்போது? ஒழுகல் எதுவும் இல்லாமலே தண்ணீர் குறைவது, ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் இருப்பது, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டரில் குமிழி விடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டவும்.

வழியில் கொதித்தால்...

முள் ஏறத் தொடங்கியதுமே ஓரமாக நிறுத்தவும். ஆவி வந்தாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே என்ஜினை அணைக்கவும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்கவும். மூடி போட்ட ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஆவியாகப் பொங்கி மேலே பாயும். மகனுக்கு நடந்ததும் அதுதான். மேல் ஹோஸ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, கனமான ஈரச்சாக்கை மூடி மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதல் பிடி வரை மட்டும் மெதுவாகத் திருப்பவும். சத்தம் அடங்கிய பிறகே முழுவதும் திறக்கவும். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம்.

கொதிநீர் பட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவும். பற்பசை, மை, மாவு எதுவும் பூச வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டாலோ மருத்துவமனைக்குப் போய்விடவும்.

மலை ஏறும்போது பெரிய கியரில் திணறவிடாமல், கியரைக் குறைத்து ஓட்டவும். என்ஜின் சுற்று கூடினால் ஃபேனும் பம்பும் வேகமாகச் சுற்றும். தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையை எடுத்துவிடவும். சித்திரை வெயிலில் பாரத்தை விடியற்காலையிலேயே ஏற்றிச் செல்வது நல்லது.

டிராக்டர் வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் சோதிக்கலாம். முதலில் பெல்ட், பிறகு ரேடியேட்டர். என்ஜினில் கைவைப்பது கடைசியாகத்தான்.