இறக்கத்தில் கியரை யார் மாற்றுவது?

கோலா தெர்லாவிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழிகளில் இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்குச் செல்கிறது; மற்றொன்று பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் ஆகிய ஊர்களைக் கடந்து தாப்பாவை அடைகிறது. இத்தகைய மலைச்சாலைகளில் 'குனாக்கான் கியர் ரெண்டா' என்னும் அறிவிப்புப் பலகையைக் காணலாம். குறைந்த கியரைப் பயன்படுத்துங்கள் என்பது அதன் பொருள். தானியங்கிக் கியர் காரில் அதை எப்படிச் செய்வது என்று கேட்டால், பலர் விழிக்கிறார்கள்.

காரே கியரை மாற்றிக்கொள்ளும்போது நாம் ஏன் தலையிட வேண்டும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அது தவறு என்பதே என் கருத்து. காரின் வேகத்தையும் முடுக்கியை நாம் மிதிக்கும் அளவையும் வைத்தே தானியங்கிக் கியர் முடிவெடுக்கிறது. இறக்கத்தில் முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும், பெரும்பாலும் அது உயர்ந்த கியருக்கு மாறிவிடும். சரிவை உணரும் புதிய கார்கள் சில உண்டு. எல்லாக் கார்களும் அப்படியல்ல.

தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. பயணிகளோடு 1,300 கிலோகிராம் எடையுள்ள கார் அங்கிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்தச் சுமையைப் பிரேக் மட்டுமே தாங்கினால், அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால், மிதித்தும் பயனில்லை. குறைந்த கியரிலோ எஞ்சினே சக்கரங்களை இழுத்துப் பிடிக்கிறது.

"எஞ்சின் அலறுகிறதே, பெட்ரோல் வீணாகாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், இக்காலக் கார்களில் கியரில் இருந்தபடியே முடுக்கியை விட்டு இறங்கினால், எஞ்சினுக்கு எரிபொருள் செல்வதே நின்றுவிடும். மானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்தச் சத்தத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. மாறாக, பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி 'என்' நிலையில் காரை உருளவிடுவதுதான் ஆபத்து.

இம்மலையில் காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட்ரோவர்களில் சிவப்புக் குமிழ் கொண்ட சிறிய நெம்புகோல் ஒன்று கூடுதலாக இருக்கும். அதைக் கொண்டு எல்லாக் கியர்களையும் ஒருசேரத் தாழ்த்தலாம். தானியங்கிக் காரில் 'எல்', '2', 'எம்' போன்ற குறிகள் ஏறத்தாழ அதே வேலைக்காகத்தான் இருக்கின்றன. பலர் அவற்றை ஒருநாளும் தொட்டதில்லை.

தானியங்கிக் காருக்கென 'டிஏ' உரிமம் 2014ஆம் ஆண்டில் நம் நாட்டில் அறிமுகமானது. கிளட்சைத் தொடாமலேயே 17 வயதில் உரிமம் பெறலாம். மேட்டில் காரை நிறுத்தி ஏற்றும் திறன் தேர்வில் சோதிக்கப்படுகிறது. இறக்கத்தில் கியரைக் குறைக்கும் திறனும் அவ்வாறே சோதிக்கப்பட வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் அதற்காக ஒரு மணி நேரம் ஒதுக்கினால்கூடப் போதும்.