அது ஹைக் இல்லையாம்

"அது ஹைக் இல்ல, வோக்."

நாங்கள் மூன்று பேரும் டீன்ஸ்டனில் எடுத்த படத்துக்குக் கீழே வந்த முதல் கொமெண்ட் இது. போட்டவர் எங்கள் பீடத்தில் இரண்டு வருஷம் சீனியரான ஓர் அண்ணா. கெட்டவர் இல்லை, நோட்ஸ் கேட்டால் தருவார். அதுக்குக் கீழே இன்னொருத்தர்: "ஒண்டரைக் கிலோமீற்றருக்கு சப்பாத்து வேற." அதுக்குக் கீழே சிரிக்கிற முகங்கள் பதினேழு. எண்ணிப் பார்த்தேன், மறைக்கவில்லை.

பதிலை அங்கேயே போட்டிருக்கலாம். எழுத எழுத நீண்டுவிட்டது. ஆகவே இங்கே.

இடம் தெரியாதவர்களுக்காக: கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகிற ஏ26 வீதியில், திகன, தெல்தெனிய எல்லாம் தாண்டி, மலை ஏறத் தொடங்கிய பிறகு வருகிற சின்னச் சந்தி ஹுன்னஸ்கிரிய. அங்கே இடப்பக்கம் பிரிகிற ரோடு லூல்வத்தை, கோர்பெட்ஸ் கெப் வழியாக மீமுரேக்குப் போகிறது. அதில் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஏறினால் டீன்ஸ்டன். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிலையம் இருக்கிறது. டிக்கட் எடுத்துக்கொண்டு உள்ளே போனால் 'மினி வேர்ல்ட்ஸ் எண்ட்' என்கிற மலை விளிம்புவரை ஒரு பாதை. (ரிவஸ்டன் பக்கம் பிட்டவல பத்தனயிலும் இதே பெயரில் ஒன்று இருக்கு. கூகுளை நம்பி மாத்தளைக்குப் போயிடாதீங்க.) ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கிற பெரிய 'உலக முடிவு' மாதிரி ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் சுற்ற வேண்டியதில்லை. ஆற அமரப் போய்வந்தாலும் இரண்டு மணித்தியாலம் போதும். சிரிப்புக்குக் காரணமே அதுதான்.

ஆனால் அந்தப் பாதை போகிற காடு சின்னது இல்லை. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலுக்குப் போனது. மூக்கு நுனியில் ஓர் இலையை ஒட்டிவைத்த மாதிரி இருக்கிற ஓணான் ஒன்று இந்த மலைத்தொடரில் மட்டும்தான் உலகத்திலேயே இருக்கிறது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தது அட்டை. நிறைய அட்டை.

இனி அந்த மூன்று பேர் யார் என்று சொல்கிறேன். ஏனென்றால் ஒன்றரைக் கிலோமீற்றர் என்பது யாருடைய கால் என்பதைப் பொறுத்தது.

ஒருத்தி அக்குறணை. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அவளுக்குப் பாடசாலை வயசு. அந்த வீதியால் ஒரு பஸ்ஸில் போவதற்கே வீட்டில் மூன்று நாள் பேச்சு நடந்தது. "எங்க போறீங்க, யார் இருப்பாங்க, எத்தன மணிக்குத் திரும்பி வருவீங்க?" என்று அவளுடைய வாப்பா கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. டிக்கட் கொடுக்கிற இடம் இருக்கு, உத்தியோகத்தர்கள் இருக்காங்க, பாதையில் அடையாளம் போட்டிருக்கு, பின்னேரம் நாலு மணிக்குக் கண்டியில் நிற்போம். அந்த நாலு பதிலும் இருந்ததால்தான் அவள் வந்தாள். கொமெண்ட் போட்ட அண்ணா பெருமையாகச் சொல்கிற மாதிரி "போற போக்கில பாத்துக்கலாம்" என்றால் அவளுக்கு அந்தக் காடு இந்த ஜென்மத்தில் இல்லை.

இன்னொருத்தி கிளிநொச்சி, என் அறைத்தோழி. மீள்குடியேறி வந்த ஊரில் வளர்ந்தவள். அவளுக்குப் பழகிய காட்டுப் பலகை வேறு: சிவப்பில் மண்டையோடு, கீழே மிதிவெடி என்ற எழுத்து. பாதையை விட்டு ஒரு அடி விலகாதே என்பதுதான் காட்டைப் பற்றி அவள் சின்ன வயசில் படித்த முதல் பாடம். டீன்ஸ்டனில் முதல் அம்புக்குறியைக் கண்டதும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். "என்னடி?" என்றேன். "காட்டுக்குள்ள போ எண்டு சொல்ற போர்ட்டை நான் இப்பதான் பாக்கிறன்" என்றாள்.

இதை வாசித்துவிட்டும் அது வோக்தான் என்று சொல்கிறவர்கள் சொல்லலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

மூன்றாவது ஆள் நான். தோட்டத்துப் பிள்ளை. எங்களுக்கு மலை புதுசில்லை, நடையும் புதுசில்லை. அப்பாயிக்கு ஃபோன் பண்ணி மலை ஏறப் போனேன் என்றதும் முதல் கேள்வியே, "காசு குடுத்தா போன?" ஆமா அப்பாயி, டிக்கட். "நான் அம்பது வருஷம் மலை ஏறுனேன் புள்ள. எனக்கு அவன்தான் காசு குடுத்தான். அதையும் ஒழுங்காக் குடுக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தது. பிறகு, "அங்க கொழுந்து இருக்கா?" என்று கேட்டது. இல்லை, காடு. "அப்ப எதுக்குப் போன?"

இந்தக் கேள்வியைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். அண்ணாவின் கொமெண்டை இல்லை.

ஏனென்றால் இதே கேள்வியை வேறு குரலில் கேட்கிற தோழர்களும் கெம்பஸில் இருக்கிறார்கள். அவர்களைக் கிண்டல் பண்ண முடியாது. அவர்கள் சொல்வது இதுதான்: ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2021 வரை போராட வேண்டியிருந்த சனத்தின் பிள்ளைகள், பொழுதுபோக்குக்கு நடப்பதைப் பற்றிப் பேசுவது மேட்டுக்குடி வேலை. நடை எங்கள் ஆட்களுக்குத் தண்டனையாக வந்தது. தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காடு வழியாக நடந்தே வந்தார்கள், வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 2023இல், மலையகம் 200 நினைவாக, ஜூலை கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்த வழியைத் திரும்ப மிதித்தது. அது நடை. இது என்ன?

நல்ல கேள்வி. ஆனால் விடை அவர்கள் நினைக்கிற பக்கம் இல்லை.

1932 ஏப்ரல் 24. இங்கிலாந்தில் மன்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் பிள்ளைகள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்கிற மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். பணக்காரர்கள் பறவை வேட்டைக்கு என்று ஒதுக்கி, காவல் போட்டு வைத்திருந்த நிலம். கூட்டத்துக்கு முன்னால் நின்ற பென்னி ரோத்மனுக்கு வயசு 20. இளம் கம்யூனிஸ்ட். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு இல்லை. வாரம் முழுக்கப் புகைக்குள் வேலை செய்கிற எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அந்த மலையில் சும்மா நடக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா வந்தபோது கிண்டர் ஸ்கவுட் அதற்குள் இருந்தது. தோழர்களே, சும்மா நடக்கிற உரிமைக்காகச் சிறைக்குப் போனது உங்கள் கட்சி ஆட்கள்தான்.

கூலியும் வேண்டும், சும்மா நடக்கிற ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும். ஒன்று வந்த பிறகுதான் மற்றது என்று யார் வரிசை போட்டது?

இந்த மலைகளுக்குள் தமிழ் பேசினவர்கள் இதுவரை எப்படி நுழைந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கண்டியின் கடைசி ராஜா, கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்கர் வம்சத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டது இதே மெதமஹநுவரப் பக்கத்தில்தான். அவர் வந்தது ஒளிந்துகொள்ள. எங்கள் ஆட்கள் வந்தது கூலிக்கு. ஒளியாமல், கூடை கட்டாமல், ஒரு வேலையும் இல்லாமல் வந்து விளிம்பில் நின்று பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்?

இன்றைக்கும் நடைப் பாதைகளின் விளம்பரத்தில் நாங்கள் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பதுதான் விஷயம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீகோ ட்ரெயில் 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். பெரும்பாலும் பழைய தோட்ட ரோடுகள், லயங்களுக்குப் பக்கத்தால் போகிறது. நல்ல பாதை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பாதைகளைப் பற்றி இன்ஸ்டாவில் வருகிற படங்களைப் பாருங்கள். முதுகில் பை போட்டு நடக்கிறவர் ஒருத்தர். தூரத்தில் கூடையோடு நிற்கிற ஆள் நாங்கள். படத்தில் நாங்கள் காட்சி. நடக்கிற ஆள் எப்போதும் வேறு யாரோ.

இப்போது அண்ணாவிடம் வருகிறேன். அவர் சொல்கிற 'உண்மையான' ஹைக்குக்கு என்ன வேண்டும்? பிடிமானமுள்ள சப்பாத்து, கூடாரம், இரண்டு இரவு எங்கே தங்கினாய் என்று கேட்காத வீடு, கூட வர நாலு பொடியன்கள், காட்டுக்குள் யாராவது மறித்தால் சிங்களத்தில் சமாளிக்கிற நாக்கு. இது எல்லாம் அவருக்கு இருக்கிறது. சந்தோஷம். ஆனால் அதுக்குப் பெயர் துணிச்சல் மட்டும் இல்லை, வசதியும்தான். கஷ்டமான பாதையில் போனதுக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதி, வீட்டு வாசலில் யாரும் மறிக்காததுக்குக் கிடைக்கிற மரியாதை. எங்கள் மூன்று பேருக்கும் ஏற்றம் ஹுன்னஸ்கிரியவில் தொடங்கவில்லை, வீட்டு ஹோலிலேயே தொடங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடையாளம் இல்லாத பாதையில் போய் வழிதவறினால் இரவில் டோர்ச்சோடு தேடப் போகிறவர்கள் அந்தப் பக்கத்துக் கிராமத்து ஆட்களும் இராணுவமும். இந்த மலையில் மத்தியானத்துக்குப் பிறகு பனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் இருக்கிற ஆளைத் தெரியாது. அன்றைக்கு நாங்கள் விளிம்புக்குப் போனபோதும் முழுக்க வெள்ளைதான். இருபது நிமிஷம் காத்திருந்தோம். கொஞ்சம் விலகியது, கீழே பள்ளத்தாக்கில் ஒரு பச்சைத் துண்டு தெரிந்தது, திரும்பவும் மூடிக்கொண்டது. அக்குறணைக்காரி கொண்டுவந்த சம்பல் பாணைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அவ்வளவுதான் நடந்தது. பெரிசாகக் கதை இல்லை.

சுலபமான பாதையில் குறையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. சுலபம் என்பதால் புளூடூத் ஸ்பீக்கரும் வருகிறது. ஏலக்காய்ச் செடிகளுக்கு நடுவே யோகட் கப்பும் பிளாஸ்டிக் போத்தலும் கிடந்தன. ஏலக்காய் என்றதும் இன்னொரு ஞாபகம்: இந்தக் காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று ஏலச் செய்கையைத் தடை செய்தபோது, அதை நம்பியிருந்த குடும்பங்களுக்குப் போன வருமானம் போனதுதான். நான் டிக்கட் எடுத்து நடக்கிற பாதைக்கு அடியில் அந்தக் கதையும் கிடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நடக்கலாம், தெரிந்துவிட்டதே என்று நடக்காமல் இருக்க வேண்டியதில்லை. பஸ்ஸும் பிரச்சினைதான். ஹுன்னஸ்கிரிய வரைக்கும் மஹியங்கன பஸ், அதுக்கு மேலே த்ரீவீல் பேசினால் ஒரு ஆளின் சாப்பாட்டுக் காசு போய்விடும். மூன்று பேர் சேர்ந்ததால் தப்பினோம். இந்தக் குறைகளைப் பேசுங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன். "வோக்" என்று சிரிக்கிறவர்கள் இதில் ஒன்றைக்கூடப் பேசுவதில்லை.

'படிக்க அனுப்பினா காடு மேடு சுத்துறாளுக' என்கிற பெரியவர்களுக்கு நான் தனியாகப் பதில் எழுதப் போவதில்லை. அம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். "கால்ல ரத்தம் மாதிரி என்ன?" என்றுதான் கேட்டது. அட்டை அம்மா. "தோட்டத்துல கடிச்சதெல்லாம் பத்தலையா?" பிறகு அந்தப் படத்தையே வாட்ஸ்அப்பில் ப்ரொபைலாக வைத்திருக்கிறது.

அடுத்த போயாவுக்கு முதல் சனிக்கிழமை திரும்பவும் போகிறோம். இதுவரை ஒன்பது பேர். ஆறு பேர் இதுக்கு முதல் ஒரு காட்டுக்குள்ளும் நடந்ததில்லை. கண்டியில் காலையில் ஆறு மணிக்கு. அந்த அண்ணாவும் வரலாம், வந்தால் கடைசி ஆளோடு நடக்க வேண்டும், முன்னால் ஓடக் கூடாது. பழைய சப்பாத்து போதும். நீளமான சொக்ஸ் போடுங்க, சவர்க்காரத் துண்டு ஒன்று பைக்குள் வைங்க. சித்தாலேப நான் கொண்டு வாறேன்.