குழந்தையை ஏற்றிச் செல்லும் மிதிவண்டி: முதற்செலவு எதற்கு?

ஒரு காலில் மட்டும் செருப்பணிந்த குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு, காயக்கட்டு அறையின் வாயிலில் தந்தையோ தாயோ பதைபதைத்து நிற்கும் காட்சி எங்களுக்குப் புதியதன்று. குழந்தையின் மற்றக் காலில் ஒரு துண்டு சுற்றப்பட்டிருக்கும். "பின்னாலதான் உட்கார்ந்திருந்தான். கால் எப்போ உள்ளே போச்சுன்னே தெரியலை" என்று தழுதழுத்த குரலில் அவர்கள் சொல்வார்கள். மிதிவண்டியின் பின்சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிய பிஞ்சுக் கால் அது.

சில வாரங்கள் கழித்து, புண் ஆறிவரும் வேளையில், அதே பெற்றோர் வேறொரு வினாவை எழுப்புவர். "இந்த வண்டியை மாற்றிவிடலாமா? குறைந்த விலையில் எதை வாங்கலாம்?" சிலர் மெல்லிய சக்கரமும் கியரும் கொண்ட சாலைப் பந்தய வகை மிதிவண்டியைப் பற்றிக் கேட்பர். சிலர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவர். அயல்நாட்டில் மிதிவண்டியின் பின்னே கூடாரம் போன்ற சிறு டிரெய்லர் இழுபட்டுச் செல்லும். அதனுள் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். எலும்பு மற்றும் காயச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் நாங்கள் வண்டி வணிகர்கள் அல்லோம். ஆயினும் தவறான வண்டி என்ன செய்யும் என்பதை நாள்தோறும் காண்கின்றவர்கள் என்ற உரிமையில் எங்கள் கருத்தை இங்கு முன்வைக்கிறோம். குழந்தையை ஏற்றும் வண்டிக்குக் கையிலுள்ள பணத்தை விரைவுக்கும் தோற்றத்துக்கும் செலவிடுமுன், நிறுத்துவதற்கும் காலைக் காப்பதற்கும் செலவிட வேண்டும் என்பதே அக்கருத்து.

முதலில் அக்காயத்தின் தன்மையை அறிதல் நலம். கேரியரில் அமரும் குழந்தைக்குக் கால் ஊன்ற இடமில்லை. உறக்கம் வந்தாலோ, வேடிக்கை பார்க்கத் திரும்பினாலோ கால் தளர்ந்து உட்புறம் சாயும். சுழலும் கம்பிகள் பாதத்தை இழுத்துச் சென்று சட்டக்குழாயோடு சேர்த்து நசுக்கும். பெரும்பாலும் குதிகாலும் கணுக்காலும் அதற்கு இரையாகின்றன. அவ்விடத்தில் தோலின் கீழே சதை குறைவு. தோலை ஒட்டியே குதிநாண் செல்கிறது. நசுங்கிய தோல் முதல் நாளில் வெறும் சிராய்ப்பாகத் தோன்றி, சில நாள்களில் கறுத்து உரிவதுண்டு. அப்போது நாண் வெளியே தெரியும் நிலையும், தோலொட்டு அறுவை செய்யும் தேவையும் நேரலாம். சில குழந்தைகளுக்கு எலும்பும் முறிந்திருக்கும். ஒரு நொடியில் நேர்ந்தது, பள்ளிக்குச் செல்ல இயலாத பல வாரங்களாக நீள்கிறது. தாயின் கூலி வேலையும் அதனோடு நின்றுபோகிறது.

இதற்காகப் பெற்றோரைக் கடிந்துகொள்வது எங்களுக்கு உடன்பாடன்று. பேருந்து வாராத ஊர்களிலும், பெட்ரோல் விலைக்கு அஞ்சும் வீடுகளிலும் மிதிவண்டியே குழந்தையின் பள்ளி ஊர்தி. மருத்துவமனைக்கு வரும் ஊர்தியும் அதுவே. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு பெண்கள் தாமே சென்று வந்தமை அவர்களின் வாழ்வில் பெரிய மாற்றமாயிற்று. "குழந்தையை மிதிவண்டியில் ஏற்றாதீர்" என்று சொல்வது எளிது. ஆனால் அச்சொல் நடந்து களைக்கும் தாய்க்கு எவ்விதத்திலும் உதவாது.

குறை வண்டி விற்கப்படும் முறையில் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்தாங்கியும் இருக்க வேண்டும் என்றும், உடை சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியைத் தடுப்பு மூடியிருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. 2023 பிப்ரவரி முதல், மோட்டார் சைக்கிளில் செல்லும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும், ஒன்பது மாதம் நிறைந்ததிலிருந்து தலைக்கவசமும் கட்டாயமாயின. மிதிவண்டி மோட்டார் வாகனம் அன்று. ஆகவே இவ்விதிகள் அதைத் தொடுவதில்லை. எளியவர் ஏறும் வண்டியில் அவருடைய குழந்தையின் கால் மட்டும் காப்பின்றித் தொங்குகிறது.

இனி, எந்த வண்டி என்ற வினாவுக்கு வருவோம்.

சாலைப் பந்தய வகை மிதிவண்டி எடை குறைந்தது, விரைந்து செல்வது. ஆனால் ஒருவர் மட்டும் குனிந்து ஓட்டுவதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. பலவற்றில் கேரியர் பொருத்தும் திருகுத் துளைகளே இரா. மெல்லிய டயர் குழியில் விழுந்தால் ரிம் வளையும். எனவே குழந்தையை ஏற்றுவதற்காக வாங்குபவர் நிமிர்ந்து அமரும் கைப்பிடியும், 32 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள டயரும், கேரியருக்கான துளைகளும், எஃகு அல்லது அலுமினியச் சட்டமும் கொண்ட வண்டியைத் தேர்வது நன்று. அத்தகைய வண்டி பந்தய வகையைவிடப் பெரும்பாலும் விலை குறைந்ததாகவே இருக்கும். வீட்டிலுள்ள பழைய கறுப்பு வண்டியோ, அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் பிள்ளை பெற்ற வண்டியோ நல்ல நிலையில் இருந்தால், புதியது வாங்கவே தேவையில்லை. அதைச் செம்மைப்படுத்தும் செலவு போதும்.

பழைய வண்டியை வாங்குவோர் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். சட்டக்குழாய்களின் இணைப்புகளில் விரிசல் உண்டா? சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கோணலின்றி ஓடுகிறதா? கம்பிகளில் தளர்ந்ததோ உடைந்ததோ உண்டா? இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பிடித்து வண்டியைத் தள்ளினால் சக்கரங்கள் அசையாமல் நிற்கின்றனவா? பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் அன்றே மாற்ற வேண்டும். அதன் விலை மிகச் சிறிது. மின்னும் எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் வழுக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அலுமினிய ரிம் அவ்வளவு வழுக்காது. மழைக்காலத்தில் குழந்தையோடு செல்பவர் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்வது தகும்.

அடுத்த செலவு சக்கரக் காப்பு. சேலை சிக்காமல் இருப்பதற்காகப் பொருத்தப்படும் வலைத் தகட்டைப் பலரும் அறிவர். அது ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது. பின்சக்கரத்தின் இருபக்கமும் வேண்டும். குழந்தையின் பாதம் எட்டும் இடம் முழுவதும், குறிப்பாகச் சட்டக்குழாய்க்கும் கம்பிகளுக்கும் இடைப்பட்ட வெளி, மூடப்பட்டிருக்க வேண்டும். தாயின் முந்தானையையும் துப்பட்டாவையும் அதே காப்பு தடுக்கும்.

மூன்றாவது செலவு இருக்கை. முன்பாரில் துண்டை மடித்துப் போட்டோ, பிரம்பு இருக்கையைக் கட்டியோ குழந்தையை அமர்த்தும் வழக்கம் பரவலாக உண்டு. அங்கிருந்து கால் முன்சக்கரத்துள் சென்றால் வண்டி சட்டென நின்று, ஓட்டுநரும் குழந்தையும் தலைகுப்புற வீழ்வர். பின்னால் பொருத்தும் இருக்கையில் உயர்ந்த முதுகுச் சாய்வும், தோளையும் இடுப்பையும் பிணைக்கும் பட்டையும், பாதத்தை உள்ளடக்கிக் கட்டும் கால்கிண்ணமும் இருக்க வேண்டும். இவற்றுள் கால்கிண்ணமே காயத்தைத் தடுப்பது. அது இல்லாத இருக்கை எவ்வளவு அழகாயினும் வேண்டா. ஐரோப்பியத் தரநிலைப்படி பின்னிருக்கைகள் 22 கிலோ எடை வரைக்கே உரியவை. இருக்கையின் மீது பொறித்துள்ள எடை வரம்பையும், கேரியரின் வரம்பையும் படித்துப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையின் கீழுள்ள சுருள்கம்பிகளில் பின்னிருக்கும் குழந்தையின் விரல்கள் நசுங்குவதுண்டு. அவற்றைத் தடித்த துணியால் சுற்றி மூடிவிடலாம். குழந்தை அமர்ந்திருக்கையில், ஸ்டாண்டு போட்டிருந்தாலும் வண்டியை விட்டு அகலலாகாது.

ஒரு வயது நிறையாத குழந்தையை இருக்கையிலும் டிரெய்லரிலும் ஏற்ற வேண்டா. அக்கழுத்து, தலைக்கவசத்தின் எடையையும் சாலையின் குலுக்கலையும் தாங்காது. அறுவை முடிந்த குழந்தையையும், கழுத்து நிற்காத, வலிப்பு வரும் குழந்தையையும் ஏற்றுமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

டிரெய்லரைப் பற்றிக் கேட்போர்க்கும் நேர்மையாகவே சொல்கிறோம். அது நல்ல ஏற்பாடு. குழந்தை தாழ்வாக அமர்கிறது; பட்டையால் பிணைக்கப்படுகிறது; கால் சக்கரத்தை எட்டாது. இழுக்கும் மிதிவண்டி சாய்ந்தாலும், இணைப்பு மூட்டு சுழல்வதால் டிரெய்லர் பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்கும். ஆனால் அதை இழுக்கும் வண்டிக்குக் கூடுதல் வலு வேண்டும். ஓட்டுநர் 60 கிலோ, வண்டி 20 கிலோ எனக் கொள்வோம். 12 கிலோ டிரெய்லரும் 15 கிலோ குழந்தையும் சேர்ந்தால் 80 கிலோ 107 ஆகிறது. டிரெய்லர்கள் பலவற்றில் தனி பிரேக் இல்லை. பிரேக்கின் பிடி மாறாதிருக்க, நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மேட்டில் ஏறுவதற்கு, ஒரு முறை மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய ஒரே சுற்றுச் சுற்றும் அளவுக்குத் தாழ்ந்த கியர் தேவை. பந்தய வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. இணைப்பு பின்சக்கர அச்சில் பொருந்துவதால், அவ்வச்சு அதற்கு ஏற்றதா என்பதையும், சட்டத்தை உருவாக்கிய நிறுவனம் டிரெய்லர் இழுக்க இசைகிறதா என்பதையும் வாங்குமுன் கேட்டறிய வேண்டும். கார்பன் சட்டங்கள் பலவற்றுக்கு அவ்விசைவு இல்லை.

அதைவிடப் பெரிய தடை நம் சாலை. மிதிவண்டிக்கென்று தனிப்பாதை உள்ள நாடுகளில் டிரெய்லர் செழித்தது. பேருந்தும் லாரியும் உரசிச் செல்லும் நெடுஞ்சாலையில், இடுப்பளவு உயரமே உள்ள அது பின்வருவோர் கண்ணில் படாது. கொடிக்கம்பம் கட்டினாலும் அக்குறை முற்றும் நீங்காது. வளாகங்களிலும், குடியிருப்புத் தெருக்களிலும், ஊர்ப்புறத்து அமைதியான பாதைகளிலும் அதைப் பயன்படுத்தலாம். நெடுஞ்சாலையைக் கடந்து பள்ளி செல்லும் குடும்பத்துக்கு, அதற்காகச் சேர்த்த பணத்தைக் காப்புத் தகட்டிலும் கால்கிண்ணமுள்ள இருக்கையிலும் தலைக்கவசத்திலும் இடுமாறு அறிவுறுத்துகிறோம். மீதமும் இருக்கும்.

எச்சரிக்கையாக இருந்தும் கால் சிக்கிவிட்டால், வண்டியை உடனே நிறுத்துங்கள். காலை வலிந்து இழுக்காதீர்கள். சக்கரத்தைப் பின்னோக்கி மெல்லச் சுற்றியோ கம்பியை வெட்டியோ விடுவியுங்கள். ஓடும் தூய நீரில் கழுவி, தூய துணியால் மூடி, காலை உயர்த்திப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், பற்பசை எதையும் பூச வேண்டா. காயம் சிறிதெனத் தோன்றினாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். தடுப்பூசி விவரத்தையும் சொல்ல வேண்டும். குறித்த நாளில் மறுபரிசோதனைக்கு வருவது மிக முதன்மையானது. தோல் கறுப்பதை முன்னரே கண்டால் பெரிய அறுவையைத் தவிர்க்க வாய்ப்புண்டு.

மிதிவண்டி விற்போரிடமும் எங்களுக்கொரு வேண்டுகோள் உண்டு. கேரியர் பொருத்திய வண்டி எதையும் சக்கரக் காப்பின்றி விற்காதீர்கள். மாணவர்க்கு அரசு வழங்கும் வண்டிகளிலும் இருபக்கக் காப்பு சேர்க்கப்படல் வேண்டும். அக்காவின் வண்டியில் தம்பியும் ஏறுவான் என்பது யாவரும் அறிந்ததே.

இவ்விதழைப் படிக்கும் அன்பர்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் வண்டியின் பின்சக்கரத்தருகே சற்றுக் குனிந்து பாருங்கள். உங்கள் குழந்தையின் பாதம் அங்கு நுழையுமாயின், நாளைக் காலை பள்ளிக்குப் புறப்படுமுன் அவ்வண்டி சைக்கிள் கடைக்குச் செல்லட்டும்.