திறப்பு விழாவுக்குப் பிறகு

பாண்டிச்சேரியின் பழைய துறைமுகப் பாலத்தில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் இடிந்து விழுந்தது. பலரும் அன்றைய தாழ்வு மண்டலத்தையும் அலையையும் குற்றம் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் 1866இல் கட்டிய இரும்புப் பாலம் வேறு. பள்ளியில் 'ழெத்தே' என்று நாங்கள் படித்தது அதைத்தான். அதை 1952 புயல் கொண்டுபோய்விட்டது. இப்போது விழுந்தது அதற்குப் பின் கட்டிய கான்கிரீட் பாலம்; வயது சுமார் 60. கான்கிரீட் ஒரே நாளில் சாவதில்லை. உப்பு உள்ளே இறங்கும், கம்பி துருவேறிப் பருக்கும், மேல்பூச்சு வெடித்து உதிரும். அந்த நிலையிலேயே சுரண்டி, கம்பியைச் சுத்தம் செய்து, தூணுக்கு உறை போட்டால் செலவு கொஞ்சம்தான். விட்டுவிட்டால் அலை வந்து கணக்கை முடிக்கும்.

இதைவிடப் பெரிய பாடம் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கே 1980களில் அலைதடுப்புக் கற்சுவர்கள் கட்டினார்கள். நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் மேடானது, வடக்கே கரை கரைந்தது. தேங்கும் மணலை இறைத்து வடக்கே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். சுவர் நின்றது, இறைப்பது தொடரவில்லை. கடற்கரைச் சாலையைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் மீனவர் வீடுகள் வரை போனது.

கம்மாபுரத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். சுரங்கம் திறந்தாயிற்று, இனி மோட்டார் எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

குமாஸ்தாவாக நான் புரட்டிய கோப்புகளில் புது வேலைக்குப் பணம் வரும். சிக்கனம் என்றதும் முதலில் வெட்டுப்படுவது பராமரிப்புதான். கல்வெட்டில் பெயர் போட அதில் இடமில்லையே!

என் யோசனை இதுதான்: எந்தத் துறைமுக வேலைக்கும் ஆண்டுதோறும் ஆகும் மணல் இறைப்பு, தூண் பரிசோதனைச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தை வேறு தலைப்புக்கு மாற்றக் கூடாது. அதற்கு வழியில்லையென்றால் கட்டாமல் இருப்பதே மேல். கட்டியவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விடுவார்கள்; வீட்டை இழப்பவன் அந்தக் கரையிலேயேதான் இருக்கிறான்.