எந்த மாட்டுங்கா?

மாட்டுங்காவில் வீடு தேடி வருபவரிடம் மும்பைத் தமிழர்கள் முதலில் கேட்பது, "எந்த மாட்டுங்கா?" என்றுதான். மத்திய ரயில்வேயில் இருப்பது மாட்டுங்கா. மேற்கு ரயில்வேயில் இருப்பது மாட்டுங்கா ரோடு. ஸ்டேஷன் மாறி இறங்கினால் தேடும் தெரு கண்ணில் படாது. தெரு இருக்கிறது, தேடுபவர்தான் தண்டவாளத்துக்கு மறுபக்கம் நிற்கிறார்.

பைதான் மொழியில் எழுதிய வெப்சைட்டுகள் காட்டும் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்' பெரும்பாலும் இந்த ரகம். மாட்யூல் என்பது ஏற்கெனவே எழுதி வைத்த, தேவைப்படும்போது பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும் புரோகிராம். அழைத்தும் வராவிட்டால் இந்தச் செய்தி வரும். அது சொல்வது 'கிடைக்கவில்லை' என்று மட்டுமே. 'இல்லை' என்று அல்ல.

செம்பூர் புரோகிராமரின் கம்ப்யூட்டரில் ஜோராக ஓடும் சைட், சர்வரில் ஏற்றியதும் படுத்துக்கொள்வது உண்டு. அதை நம்பித் தோல் பைகளுக்கு ஆர்டர் எடுக்கும் தாராவி வியாபாரிக்கு அன்றைய விற்பனை போயிற்று. காரணம் எளிது. ஒரே இயந்திரத்தில் இரண்டு, மூன்று பைதான்கள் இருக்கலாம். மாட்யூலை ஏற்றியது ஒன்றில். சைட்டை ஓட்டுவது மற்றொன்று.

எனவே முதலில் இரண்டு விஷயங்களைச் சைட்டுக்குள்ளிருந்தே அச்சிட்டுப் பார்க்க வேண்டும். 'சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்' எந்தப் பைதான் ஓடுகிறது என்று சொல்லும். 'சிஸ்.பாத்' எந்தெந்த ஃபோல்டர்களில், எந்த வரிசையில் தேடுகிறது என்று காட்டும். பாதிச் சிக்கல் இங்கேயே தீரும்.

பெயரும் ஏமாற்றும். 'பில்லோ' என்று இன்ஸ்டால் செய்ததை 'பிஐஎல்' என்றுதான் அழைக்க வேண்டும். சொந்த ஃபைலுக்கு 'ஈமெயில்' என்று பெயர் வைத்தால், பைதானுடன் வரும் அதே பெயருள்ள மாட்யூல் மறைந்துவிடும். சில மாட்யூல்கள் நிஜமாகவே போய்விட்டன: 2023 அக்டோபரில் வெளியான பைதான் 3.12-இல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' நீக்கப்பட்டது.

இதையெல்லாம் பாராமல், தோன்றிய பெயரை இன்ஸ்டால் செய்வது ஆபத்து. 2017 செப்டம்பரில் ஸ்லோவாகியாவின் பாதுகாப்பு அமைப்பு, பைதானின் பொதுக் கிடங்கில் 10 போலிகளைக் கண்டுபிடித்தது. 'யூஆர்எல்லிப்3' என்ற பிரபல பெயரில் ஓர் 'எல்' மட்டும் குறைந்தது அவற்றில் ஒன்று. போலிகள் அசல் வேலையையும் செய்தன. கூடவே கம்ப்யூட்டரின் பெயரையும் பயனாளரின் பெயரையும் வெளியே அனுப்பின. சைட் ஓடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பரிகாரம் பழையதுதான். தேவையான மாட்யூல்களைப் பதிப்பு எண்ணுடன் பட்டியலிடுவது. சைட்டை ஓட்டும் அதே பைதான் மூலமாகவே அவற்றை ஏற்றுவது. பிழைச் செய்தி வந்தால் கைக்கு முதலில் வேலை கொடுக்காமல், கண்ணுக்குக் கொடுப்பது நல்லது.