கட்டண விசாரணை தெற்கே வரட்டும்

மின்சாரச் சட்டத்தைப் பற்றிப் பேச நாட்டில் மேடைகளுக்குக் குறைவில்லை. மாநில ஆணையங்களின் தலைவர்கள் கூடுவதற்கென்றே 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் ஒரு மன்றத்தை ஏற்படுத்தியிருக்கிறது. தெற்காசிய நாடுகளின் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு 1999 முதல் தனி அமைப்பு உண்டு. மின்சட்ட வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் தில்லியிலோ பெங்களூரிலோ சென்னையிலோ குளிரூட்டிய அரங்கில் கூடி, காற்றாலை மின்சாரத்தை எத்தனை மாதம் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், கம்பியில் கொண்டுபோக என்ன கட்டணம் என்றெல்லாம் நாள் முழுக்க விவாதிக்கிறார்கள். விவாதிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து வீசுவது தேவர்குளம், பனவடலிசத்திரம் பக்கத்துக் கரிசல் காட்டில். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகிறவர் அந்தக் காத்தாடிகளைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார். அந்த மின்சாரத்தின் விலையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அடுத்த கட்டண விசாரணைகளில் ஒன்று சங்கரன்கோவிலில் நடக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. இது ஊர்ப் பெருமைக்காகக் கேட்பதல்ல. விசைத்தறி, பூந்தோட்டம், காற்றாலை மூன்றும் ஒரே தாலுகா எல்லைக்குள் கிடக்கிற ஊர் இது. மின்கட்டணம் என்ற சிக்கலான கணக்கின் எல்லா முனைகளும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

தறிக்கூடத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்றிருந்தது, 2023 மார்ச்சில் 1000 யூனிட் ஆனது. நல்ல உதவி, மறுக்க முடியாது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய தறி நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் இரண்டு மாதத்தில் 500 மணி நேரம். முழுச் சுமையில் 373 யூனிட் ஆகிறது. மோட்டார் எப்போதும் முழுச் சுமையில் ஓடாது என்று முப்பது சதவீதத்தைக் கழித்தாலும், நாலு தறி போட்டவர் ஆயிரத்தைத் தாண்டிவிடுவார். அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் அவர் மடியிலிருந்து போகிறது. வியாபாரியிடம் பேசிய கூலி மாதாமாதம் ஏறுவதில்லை. கரண்ட் பில் மட்டும் ஜூலைக்கு ஜூலை நகர்கிறது.

ஜூலை என்று சொல்லக் காரணம் உண்டு. 2014 டிசம்பருக்குப் பிறகு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கட்டணம் திருத்தப்படவே இல்லை. அதற்குள் மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கருத்துக் கேட்டுவிட்டு, செப்டம்பர் 9-ஆம் தேதி ஆணையம் உத்தரவு போட்டது. மறுநாளே அமலுக்கும் வந்தது. அந்த ஒரே உத்தரவு 2026-27 வரை ஐந்தாண்டுக்குச் செல்லும். இடையில் ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டின் உயர்வு, அல்லது ஆறு சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் தானாக ஏறும் என்றும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. அப்படித்தான் 2023-ல் 2.18, 2024-ல் 4.83, 2025-ல் 3.16 சதவீதம் ஏறியது. சில பிரிவினரின் சுமையை அரசே ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024-ல் உயர்வு வெளியே தெரிந்தது ஜூலை 15-ஆம் தேதி. அமலானதோ ஜூலை 1 முதல். கேட்டுவிட்டு ஏற்றுவது ஒருபுறம் இருக்கட்டும், சொல்லிவிட்டு ஏற்றுவதுகூட அந்த ஆண்டு நடக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகே, மனு வந்த 120 நாளுக்குள் கட்டண உத்தரவு வர வேண்டும் என்கிறது 64-ஆவது பிரிவு. நுகர்வோரின் நலனை எடுத்துச்சொல்ல ஆணையமே ஒருவரை அமர்த்தலாம் என்கிறது 94-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. வேளாண்மை, தொழிலாளர், நுகர்வோர் உள்ளிட்ட தரப்பினரைக் கொண்டு 21 பேர் வரை ஆலோசனைக் குழு அமைக்க 87-ஆவது பிரிவு இடம் தருகிறது. சட்டத்தில் கதவுகள் போதுமானவை இருக்கின்றன. அவை எல்லாம் ஆணைய அலுவலகம் இருக்கும் சென்னை கிண்டியில் இருக்கின்றன என்பதுதான் நம் சங்கடம். சங்கரன்கோவில்காரர் ஒருவர் ஆணையத்தின் முன் பத்து நிமிடம் பேச வேண்டுமானால், சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலை சென்னையில் இறங்கி, பேசிவிட்டு அன்றிரவே திரும்ப வேண்டும். இரண்டு நாள் தறி நிற்கும். மதுரை விசாரணை என்றாலும் ஒரு நாள் கூலி போய்விடும். பில்லில் தகராறு என்றால் வட்ட அளவில் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதன் முடிவு திருப்தி இல்லை என்றால் குறைதீர்ப்பாளரைப் பார்க்க மறுபடியும் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

வசதி உள்ளவர்களுக்கு இந்தத் தூரம் ஒரு பொருட்டில்லை. மாநில ஆணையத்தில் சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் குஜராத் வழக்கில் தீர்ப்பளித்தது. 2022-ல் தமிழ்நாட்டு ஆணையத்தில் அந்த இடம் காலியாக இருந்தபோதே கட்டண விசாரணை தொடங்கியது. நூற்பாலை அதிபர்கள் சங்கம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. சட்ட உறுப்பினரை நியமிக்கும் வரை இறுதி உத்தரவு கூடாது என்றார் தனி நீதிபதி. இரு நீதிபதிகள் அமர்வு அதை விலக்கிய பிறகே உத்தரவு வெளிவந்தது. வழக்கு நிற்கவில்லை என்றாலும், கேள்வி கேட்கப்பட்டது என்பதே பெரிது. நாலு தறிக்காரருக்கு அந்தக் கேள்வி மனதில் எழுந்திருந்தாலும், கேட்க வக்கீலுக்குக் காசு ஏது?

தபாலிலும் மின்னஞ்சலிலும் ஆட்சேபம் அனுப்பலாமே என்று அதிகாரிகள் சொல்வார்கள். அனுப்பலாம்தான். ஆனால் முன்னால் நின்று பேசுகிறவரிடம் உறுப்பினர் திருப்பிக் கேள்வி கேட்க முடியும். தபாலிடம் யார் கேட்பது? விசாரணைக்கு வருகிறவர்கள் கணக்கைப் பேசாமல் ‘ஏத்தாதே’ என்று மட்டும் கத்திவிட்டுப் போகிறார்கள் என்ற குறையும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. கட்டணம் குறைய வேண்டும் என்று கேட்பவர், அந்தக் குறைவை யார் தலையில் கட்டுவது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பூந்தோட்டத்து மோட்டாருக்குக் கட்டணம் இல்லை, தறிக்கு ஆயிரம் யூனிட் வரை இல்லை, வீட்டுக்கு நூறு யூனிட் வரை இல்லை. அந்தத் தொகையை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்பது 65-ஆவது பிரிவு. அது நேரத்துக்கு வருகிறதா, எவ்வளவு வருகிறது என்று கேட்கத் தெரிந்த நுகர்வோர் இருந்தால் ஆணையத்துக்கும் பலம்தான். கேட்கக் கற்றுக்கொடுக்காமல், கேட்கத் தெரியவில்லை என்று குறைசொல்வது நியாயமா?

திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சங்கரன்கோவிலில் நீதிமன்றமும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். மின்சட்ட மாநாடு ஒன்றை இங்கே கூட்டி, தறி உரிமையாளர், கூலித் தொழிலாளி, கிணற்றுப் பாசன விவசாயி, காத்தாடிக்கு நிலம் கொடுத்தவர், மின்வாரியப் பொறியாளர் எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைக்கலாம். மனுவை எப்படிப் படிப்பது, எந்த எண்ணைக் கேள்வி கேட்பது என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் சொல்லிக்கொடுக்கலாம். அவர்களும் அதில் பாடப்புத்தகத்தில் இல்லாததைக் கற்பார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவையை நிறைத்தார்கள். அன்று மின்கட்டணத்தைப் பற்றிப் பேச சட்டம் அவர்களுக்கு ஒரு அரங்கைத் தரவில்லை. இன்று அரங்கு இருக்கிறது.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. கட்டணத்தில் வசூலிக்காமல் ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்ட நிலுவைகளை, காலக்கெடு வைத்துத் தீர்க்கும்படி 2025 ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எல்லா மாநில ஆணையங்களுக்கும் உத்தரவிட்டது. அப்படி நிலுவை பெருத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அடுத்த கட்டணத் திட்டத்தில் அந்தப் பாரத்தில் ஒரு பங்காவது வந்து உட்காரும். எந்தப் பிரிவினர் மீது, எத்தனை ஆண்டில், எவ்வளவு என்பதை முடிவு செய்யும் விசாரணை, இதுவரை நடந்தவற்றைவிடக் கனமானதாக இருக்கும்.

ஆகவே ஆணையம் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கென ஒரு விசாரணையைச் சங்கரன்கோவிலில் வைக்க வேண்டும். மனுவின் கணக்குகளைத் தறிக்காரர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில், விசாரணைக்கு ஒரு மாதம் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகங்களில் வைக்கச் செய்ய வேண்டும். 94-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, சிறு நுகர்வோருக்காக வாதாட ஒருவரை அமர்த்த வேண்டும். ஜூலை உயர்வு அடுத்த ஐந்தாண்டிலும் தொடருமானால், அதற்கும் ஆண்டுதோறும் ஒரு விசாரணை நடத்தியே தீர வேண்டும்.

நடப்பு உத்தரவின் காலம் 2027 மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. அங்கிருந்து 120 நாளைப் பின்னோக்கி எண்ணினால் 2026 நவம்பர் இறுதி. மனு அதற்குள் தாக்கலாக வேண்டும். ஊர் வழக்கறிஞர் சங்கமும் தறி உரிமையாளர் சங்கங்களும் ஆணையச் செயலாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தை இந்த மாதமே எழுதலாம்.